வெட்டிய ஸ்பிரிங்

கெலுகோர், பினாங்கு
8 ஜூலை 2024

திரு. சுகுமாரன் அவர்களுக்கு,

நான் ரஜிதா. யசோதரனின் அக்கா. மாக் மண்டினில் உங்கள் பழைய பட்டறைக்கு அடுத்து பேட்டரிக் கடை வைத்திருக்கும் அப்துல் அஜீஸிடம் உங்கள் குவாந்தான் முகவரியை வாங்கினேன். தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். அழைக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால், கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசிவிடுவேன். எழுதினால் நிதானம் இருக்கும்.

விஷயம் இதுதான். நவம்பரில் நடந்த விபத்துக்குப் பிறகு தம்பியின் மைவி காரை இன்சூரன்ஸில் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். நசுங்கிய முன்பக்கத்தை மாற்றி, முன் சக்கரம் இரண்டும் புதிதாகப் போட்டு, பெயின்ட்டும் அடித்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் பார்வை மங்கியதால் அவர் காரைப் போன வருடமே விற்றாயிற்று. வீட்டில் இருப்பது இது ஒன்றுதான். வாரம் இரண்டு முறை யசோவை இதில்தான் பிசியோவுக்கு அழைத்துப்போகிறேன்.

அவனுக்கு இடுப்பெலும்பில் இரண்டு தகடு வைத்திருக்கிறார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறான். மருத்துவமனைக்கு இருபது நிமிடப் பயணம். வழியில் இருக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறான். நடக்கிற வேகத்தில் ஏறி இறங்கினாலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறான். பிசியோவில் கிடைத்த நன்மை பயணத்தில் போய்விடுகிறது.

சென்ற வாரம் இங்கே பட்டறை வைத்திருக்கும் நோர்மா என்ற பெண்ணிடம் காரைக் காட்டினேன். தூக்கி வைத்து, கீழே விளக்கடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் மலாயில் சொன்னார்: "இதுல என்னென்ன மாத்தியிருக்காங்கன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். செஞ்சவர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க."

ஆகவே கேட்கிறேன். இந்தக் காரில் நீங்கள் எதைக் கழற்றினீர்கள், எதை மாட்டினீர்கள், தேதி நினைவிருந்தால் தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

அப்பா வழக்கறிஞரைப் பார்த்திருக்கிறார். உங்கள்மேல் வழக்குப் போட நினைக்கிறார். இந்தக் கடிதம் அதற்காக அல்ல. அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். நம்புவது உங்கள் விருப்பம். மருத்துவமனையில் உங்களிடம் சொன்ன எதையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ரஜிதா கனகசுந்தரம்

*

குவாந்தான்
17 ஜூலை 2024

ரஜிதா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் தமிழில் எழுதி ரொம்ப நாளாகிறது. தமிழ்ப்பள்ளியோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

யசோ முதலில் என் பட்டறைக்கு வந்தது 2022 மார்ச்சில். புக்கிட் தெங்காவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தினமும் காரில் கடல்பாலத்தைத் தாண்டிப் போய்வந்தான். "அண்ணே, பாலத்துல காத்தடிச்சா காடி ஆடுது. வளைவுல சாயுது. பெரிய செலவில்லாம கொஞ்சம் ஸ்டெடியா ஆக்கித் தாங்க" என்றான். சின்னக் காடி வைத்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் எஞ்சினில்தான் கை வைக்கச் சொல்வார்கள். இவன் அப்படிக் கேட்கவில்லை. அதனால் அவனை எனக்குப் பிடித்துப்போனது. முதலில் நல்ல டயர், அப்புறம் பிரேக், அதற்கும் அப்புறம் அதிர்வு தாங்குகிற அப்சோபர் என்று வரிசை சொன்னேன். சரி என்றான்.

2022 மார்ச்: புது டயர் நாலு. காடியோடு வந்த பதினாலு இன்ச் ரிம்மிலேயே.

2022 ஜூன்: முன் பிரேக் பேட், பிரேக் எண்ணெய்.

2022 டிசம்பர்: எஞ்சினுக்கு மேலே குறுக்காகப் போகிற சிவப்புக் கம்பி. முன்பக்கம் முறுக்காமல் பிடித்துக்கொள்ளும். அது இருந்தால் இருக்கட்டும், கெடுதல் இல்லை.

அப்சோபர் மாற்றவில்லை. வாங்குகிறேன் வாங்குகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனான். இப்போது இருப்பது பத்து வருடப் பழசு.

2023 நவம்பர் 9: ஸ்பிரிங் நாலையும் வெட்டினேன். முன்னால் ஒன்றரைச் சுற்று, பின்னால் ஒரு சுற்று.

தாழ்வாக இறக்குவதற்கென்றே அளவாகச் செய்த ஸ்பிரிங் கடையில் இருக்கிறது. விலை கூட. வெட்டுவதென்றால் ஒரு மணி நேர வேலை. வெட்டினால் காடி தாழும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஸ்பிரிங் அமுங்க இடம் இல்லாமல் போய்விடும். ஒரு மேடு வந்தால் நேராகப் போய் ரப்பர் கட்டையில் இடிக்கும். உங்கள் தம்பியின் இடுப்பில் இடிப்பது அதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன். அவன் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் செய்யாவிட்டால் வேறு எவனாவது இதைவிட மோசமாகச் செய்வான் என்று நினைத்தேன். எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் நினைப்பான்.

பிறகு யசோ வெளியே வாங்கி மாட்டிய பதினேழு இன்ச் ரிம்மும் அதில் இருந்த டயரும் நான் போட்டதல்ல. பழைய பதினாலு இன்ச் ரிம் நாலும் டயரோடு அஜீஸ் கடைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி இருக்கின்றன. விற்றுத் தரச் சொல்லி யசோ கொண்டுவந்து போட்டது. நான் விற்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை வழக்கறிஞரிடம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்காகத்தான் தாளின் பின்பக்கம் அடையாள அட்டை எண்ணும் எழுதியிருக்கிறேன்.

தம்பி வாக்கர் பிடித்து நடக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அதை எழுதியதற்கு நன்றி.

சுகுமாரன்

*

கெலுகோர்
26 ஜூலை 2024

திரு. சுகுமாரன் அவர்களுக்கு,

பட்டியல் கிடைத்தது. நோர்மாவுக்கு வரி வரியாக மலாயில் சொன்னேன். அவர் அட்டையில் எழுதிக்கொண்டார். இவ்வளவு ஒழுங்காக எழுதிக் கொடுப்பவர் ஏன் ஸ்பிரிங்கை வெட்டினார் என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

இன்னொன்றும் நடந்தது. பின் சக்கரம் இரண்டும் பழைய பதினேழு இன்ச்தான். நோர்மா ஒரு டயரின் பக்கவாட்டில் இருந்த சேற்றைத் துணியால் துடைத்து, சின்ன வட்டத்துக்குள் இருந்த நாலு எண்ணைக் காட்டினார். 2316. அதாவது 2016 ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயராம். விபத்து நடந்தபோது ஏழு வயது. நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினேன். என் நகம்தான் மடங்கியது.

"மழையில மலைப் பாதையில இந்த டயரோட போறது, சவர்க்கார நுரை மேல போற மாதிரி" என்றார். தெலுக் பஹாங் தாண்டி, பாலிக் புலாவ் போகும் மலைப் பாதையில், மழையில்தான் கார் சறுக்கியது. நான் அலுவலகத்தில் தேர்வுத் தாள்களைச் சரிபார்க்கும் வேலை செய்கிறவள். எண்கள் கண்ணில் பட்டால் அவற்றைத் தாண்டிப் போக எனக்கு வராது.

எனவே ஒரு கேள்வி. சக்கரத்தைக் கழற்றாமல் ஸ்பிரிங்கை எடுக்க முடியாது என்று நோர்மா சொல்கிறார். அப்படியானால் நவம்பர் 9 அன்று இந்த நாலு டயரையும் நீங்கள் கையில் தூக்கியிருக்கிறீர்கள். அந்த எண் உங்கள் கண்ணில் பட்டதா, இல்லையா?

ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ரஜிதா

*

குவாந்தான்
5 ஆகஸ்ட் 2024

ரஜிதா அவர்களுக்கு,

பட்டது.

நானும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அந்த டயரோடு காடியை வெளியே விட்டது நான்தான். சாவியை என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

சுகுமாரன்

*

கெலுகோர்
20 ஆகஸ்ட் 2024

சுகுமாரன் அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். அப்பா பிரித்துப் படித்துவிட்டார். முப்பது வருடம் துறைமுக அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவர். ஒரு காகிதத்தின் மதிப்பு அவருக்கு உடனே தெரியும். நான் வீட்டுக்கு வந்தபோது அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். என் அலமாரியைத் திறந்து முதல் கடிதத்தையும் எடுத்திருந்தார். ஏன் மறைத்தாய் என்று என்னைத் திட்டவில்லை. மாறாக, நீண்ட நாளுக்குப் பிறகு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

"இது போதும். தானே எழுதிக் கையெழுத்து போட்டிருக்கான். நாளைக்கே வக்கீல்கிட்ட கொடுத்துடறேன்" என்றார்.

யசோவும் மேசையில் இருந்தான். "என்னப்பா அது?" என்று வாங்கிப் படித்தான். ஐந்தாறு வரிதானே. ஆனால் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணே பாதிதான் எழுதியிருக்காரு" என்றான்.

"மீதி என்ன?" என்று அப்பா கேட்டார்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஸ்பிரிங் வேலை முடிஞ்சும் ரெண்டு நாள் காடியத் தரல. மழைக்காலம், இந்த டயரோட விட மாட்டேன்னு சாவிய மேசைக்குள்ள போட்டுப் பூட்டிட்டாரு. பழைய ரிம்ம சும்மாவே மாட்டித் தர்றேன்னும் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். பதினாலு இன்ச்சுல பார்க்க சப்பையா இருக்கும். தீபாவளிக்குக் கூட்டாளிங்க எல்லாம் காடி எடுத்துட்டு வர்றாங்க."

"பூட்டினவரு எப்படிச் சாவியத் தந்தாரு?" இதை நான் கேட்டேன்.

"உன் பேரச் சொன்னேன்கா. அக்காவுக்கு உடம்பு முடியல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், வீட்டுல வேற காடி இல்லன்னேன். உடனே எடுத்துக் கொடுத்துட்டாரு. தீபாவளி முடிஞ்சதும் டயர் மாத்திடணும், அதுவரைக்கும் மழையில மலைப் பக்கம் போகாதேன்னாரு. சரின்னேன்."

அந்த வாரம் எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை, அண்ணே. வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா கேட்டார், "ஒன்பது மாசமா ஏன் சொல்லல?"

"மொதல்ல வாயில குழாய் இருந்துச்சு. அப்புறம் பார்த்தா, நீங்க எல்லாரும் அவரத் திட்டிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு வசதியா இருந்துச்சு."

அப்பா கை கழுவ எழுந்து போனார். திரும்பி மேசைக்கு வரவில்லை. யசோ அழவில்லை. சாப்பிடவும் இல்லை. எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. வாக்கரை எடுத்துக் கொடுத்து அறைக்குப் போகச் சொன்னேன்.

இப்போது நான் கேட்க வேண்டியது இது. நீங்கள் ஏன் சொல்லவில்லை? நான் நேராகக் கேட்டபோதும் ஏன் பாதியை மட்டும் எழுதினீர்கள்?

ரஜிதா

*

குவாந்தான்
1 செப்டம்பர் 2024

ரஜிதாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் லாரிக்கு அடியிலேயே கிடந்தேன். இங்கே ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் லாரி பார்க்கிறேன். லாரிக்காரர்கள் யாரும் அழகுக்காக எதையும் கேட்க மாட்டார்கள். அது ஒரு நிம்மதி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். மருத்துவமனைக்கு நான் வந்த அன்று அவன் பிழைப்பானா என்று டாக்டருக்கே தெரியாது. அந்த வாசலில் நின்றுகொண்டு "நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை" என்று எப்படிச் சொல்வது? அவன் போயிருந்தால் அவனைப் பற்றி உங்கள் காதில் கடைசியாக விழுந்தது அந்தப் பேச்சாகத்தானே இருக்கும். பேசாமல் திரும்பிவிட்டேன். நாள் போன பிறகு சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்பீர்கள். அதனால் அப்போதும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. யசோ பொய் சொன்னது சாவிக்காக. ஸ்பிரிங்குக்கு யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நல்ல டயராக இருந்திருந்தால் வெட்டிய ஸ்பிரிங்கோடும் தப்பித்திருக்கலாம். ஸ்பிரிங் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பழைய டயரும் ரோட்டை விடாமல் இருந்திருக்கலாம். ரெண்டும் சேர்ந்துவிட்டது. இதில் அவன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பத்து மாதமாகப் பிரித்துப் பார்த்தேன். அவனை அந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காடிக்கு வருவோம். பெரிய செலவு எதுவும் வேண்டாம்.

வெட்டியதை ஒட்ட முடியாது. பழைய காடிகளைப் பிரித்து விற்கிற கடையில் அதே மாடலின் ஸ்பிரிங் நாலும் கிடைக்கும். ஒரே காடியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். அப்சோபர் மட்டும் புதிதாக வாங்குங்கள். சாதாரணமானது போதும். திருகித் திருகி அளவு மாற்றுகிற சாமான் எல்லாம் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு. பதினாலு இன்ச் ரிம்மை மாட்டுங்கள். சின்ன ரிம்மில் டயரின் ரப்பர் உயரமாக இருக்கும். பாதி அதிர்ச்சியை அதுவே வாங்கிக்கொள்ளும். காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டில் உள்ள அளவுக்கு மேலே அடிக்க வேண்டாம். கடைசியாக அலைன்மென்ட்.

இவ்வளவும் செய்தால் மேடுகளில் இடிக்காது. ஆனால் ஸ்பிரிங் மெதுவானதும் வளைவில் காடி மறுபடியும் சாயும். சாய்ந்தால் அவன் இடுப்பை இறுக்கிப் பிடிப்பான். அதற்குப் பின்பக்கம் ஒரு பார் போடலாம். இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற இரும்புக் கம்பி. வேகத்தடையில் ரெண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும். அப்போது அந்தக் கம்பி குறுக்கே வராது. வளைவில் ஒரு பக்கம் மட்டும் அமுங்கப் பார்க்கும்போது விடாமல் பிடிக்கும். வேகமாக ஓட்டுகிற பிள்ளைகள்தான் இதை வாங்குவார்கள். வலிக்கிறவனுக்கும் இது உதவும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றியதே இல்லை.

சுகுமாரன்

*

கெலுகோர்
18 செப்டம்பர் 2024

சுகுமாரன் அண்ணனுக்கு,

வேலை முடிந்தது. பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் ஸ்பிரிங் கிடைத்தது. அப்சோபர் புதிது. அஜீஸ் கடையிலிருந்து ரிம்களை நானே போய் எடுத்துவந்தேன். டயர் இன்னும் நன்றாக இருக்கிறது என்று நோர்மா சொன்னார். ஆனாலும் எண்ணை நானும் படித்துப் பார்த்த பிறகுதான் மாட்ட விட்டேன்.

முதல் நாள் யசோ கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நாலாவது வேகத்தடையில் கையை எடுத்தான். வீட்டுக்கு வந்து மாத்திரை கேட்கவில்லை.

ஆனால் நீங்கள் சொன்னதுபோலவே ரவுண்டானாவில் சாய்கிறது. பாலத்துக்கு ஏறும் வளைவில் இன்னும் மோசம். ஒரு பக்கமாக இறுக்கிப் பிடித்து, அன்று மாலை முழுக்க அந்தக் கால் மரத்துப்போனது என்றான். பாரை வாங்கிவிட்டேன். பெட்டியில் கம்பியும் எட்டு போல்ட்டும் மட்டும் இருந்தன. எப்படிப் போடுவது என்று ஒரு தாளும் இல்லை. நோர்மா இந்தக் காருக்கு அதைப் போட்டதில்லையாம். தெரியாத இடத்தில் துளை போட மாட்டேன் என்கிறார்.

அப்பா வழக்கறிஞருக்கு ஒரு வரி எழுதினார். தொடர விரும்பவில்லை என்று. காரணம் எழுதவில்லை. உங்கள் இரண்டு கடிதத்தையும் உறையிலிருந்து எடுத்து என் அலமாரியில் திரும்ப வைத்திருந்தார்.

அடுத்தது என் பக்கத்து விஷயம். மருத்துவமனையில் அன்று எல்லார் முன்னாலும் நான் சொன்னது: "காசுக்காக என் தம்பிய இப்படிப் பண்ணிட்டியே. இனிமே எவன் காடியையும் தொடாதே." அப்படியே எழுதுகிறேன். எதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு இரண்டு மாதத்தில் நீங்கள் பட்டறையை மூடியதாக அஜீஸ் சொன்னார். அன்று சொன்னதை நான் திரும்பப் பெறுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

அக்டோபர் 13 ஞாயிற்றுக்கிழமை வந்து பாரை மாட்டித் தர முடியுமா? நோர்மா உங்களுக்காகப் பட்டறையைத் திறந்து வைப்பதாகச் சொல்கிறார். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். வருத்தப்பட மாட்டேன்.

ரஜிதா

*

குவாந்தான்
16 அக்டோபர் 2024

ரஜிதா தங்கச்சிக்கு,

நல்லபடியாகக் குவாந்தானுக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். நேரில் இருந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் உள்ளே நோர்மாவோடு போல்ட் தேடிக்கொண்டிருந்தபோது யசோ காடிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நான் அடியில் படுத்திருந்தேன். அவன் கணுக்கால்களும் வாக்கரின் நாலு காலும் மட்டும்தான் தெரிந்தன. அவன் கால் ஒன்று மற்றதைவிட மெலிந்து இருந்தது. "அண்ணே, மன்னிச்சிருங்க" என்றான். "வெளிச்சத்த மறைக்காத, தள்ளி நில்லு" என்றேன். தள்ளி நின்றான். அப்புறம் அங்கேயே நின்றான். வேலை முடிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. நோர்மா என்னவோ நான் ரொம்பக் கவனமாக வேலை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

உங்கள் அப்பா மதியச் சாப்பாட்டுக்கு மீ கோரேங் கட்டிக்கொண்டு வந்தாரே, அதை நீட்டி, "உறைப்புக் குறைச்சுப் போடச் சொன்னேன்" என்றார். கிளம்பும்போது சுங்கை நிபோங் பஸ் நிலையம் வரை கூட வந்தார். பஸ் வருகிறவரைக்கும் நின்றார். அவருக்குக் கண் சரியில்லை. எந்த பஸ் என்று நான்தான் படித்துச் சொன்னேன். ஏறும்போது என் தோளை ஒரு தடவை தட்டினார். பெரியவர் நின்ற அந்த முக்கால் மணி நேரம் எனக்குப் போதும்.

ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்தீர்கள். நீங்களே ஓட்டுங்கள் என்றேன். நீங்கள் மரியாதைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தீர்கள். உண்மை அதல்ல. போன நவம்பரிலிருந்து நான் சின்னக் காடி எதையும் ஓட்டவில்லை. இங்கே லாரியை வளாகத்துக்குள் முன்னே பின்னே நகர்த்துவதோடு சரி. பின் சீட்டில் உட்கார்ந்து சத்தம் மட்டும் கேட்டேன். புக்கிட் கம்பீர் இறக்கத்து வளைவில் காடி கோடு போட்ட மாதிரி போனது. நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்கள். பிரேக்கை மட்டும் வளைவுக்குள் போன பிறகு அழுத்துகிறீர்கள். அதற்கு முன்னால் அழுத்திவிட வேண்டும்.

சனிக்கிழமைகளில் வந்து வேலை செய்யச் சொல்லி நோர்மா கேட்டார். பதில் சொல்லவில்லை. குவாந்தானிலிருந்து சனிக்கிழமைக்கு வந்து போக முடியாது. வந்தால் மொத்தமாக வர வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்த எட்டு போல்ட்டையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். மறக்க வேண்டாம்.

அன்புடன்,
சுகுமாரன்

*

பத்து மாவுங், சாலையோரம்
9 நவம்பர் 2024, சனிக்கிழமை

சுகுமாரன் அண்ணனுக்கு,

இதைக் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில் தாள் இல்லை. பிசியோவில் கொடுத்த பயிற்சிப் படங்களின் பின்பக்கம்தான் கிடைத்தது. எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் யசோவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். இன்று வாக்கர் இல்லாமல் பன்னிரண்டு அடி நடந்தான். திரும்பும்போது, ஜெலுத்தோங் பக்கம் கடற்கரைச் சாலையில் வரும்போது, அவன் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. மயக்கம் என்று நினைத்தேன். காரை ஓரமாக மெதுவாக்கிக் காதைக் கொடுத்தேன். குறட்டை.

ஒரு வருடமாக அவன் மாத்திரை இல்லாமல் தூங்கியதில்லை. காரில் கண்ணைக்கூட மூட மாட்டான், சாலையையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் பிரேக் பிடிப்பதற்கு முன்னால் அவன் கால் தரையை அழுத்தும். இன்று அந்தக் கால் சும்மா கிடந்தது.

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் நிறுத்தினால் எழுப்ப வேண்டும். மூன்றாவது மாடி, லிஃப்ட், கதவு, கட்டில் என்று எல்லாவற்றுக்கும் அவன் விழித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எங்கள் வாசலைத் தாண்டி அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். பாயான் லெப்பாஸில் மூன்று ரவுண்டானா, எல்லாவற்றிலும் பிரேக்கை முன்னாலேயே பிடித்தேன். அசையவில்லை. இங்கே ஒரு மரத்தடியில், கடலைப் பார்த்து நிறுத்தி, ஏர்கோனைப் போட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பது நிமிடம் ஆகிறது. முன்னால் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூட இதுவரை மீன் பிடிக்கவில்லை.

சொல்ல வேண்டிய செய்திகள். போல்ட்டுகளை நோர்மா இறுக்கிவிட்டார்; ஒன்றுதான் கொஞ்சம் தளர்ந்திருந்ததாம். திங்கட்கிழமை யசோ புக்கிட் தெங்காவுக்குப் போய் உட்கார்ந்து செய்யும் வேலை கேட்கப் போகிறான். கிடைக்குமா என்று தெரியாது. நோர்மா உங்களைப் பற்றி மறுபடியும் கேட்டார். பட்டறையில் காரைத் தூக்குகிற இன்னொரு லிஃப்ட் போட்டிருக்கிறார். உங்களுக்காகப் போடவில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். உங்களுக்குத் தைரியம் வரும்போது வாருங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.

அப்பா இப்போது தொலைபேசியில் கூப்பிட்டார். மூன்றாவது தடவை. இந்த முறை எடுத்துவிட்டேன்.

"எங்கம்மா இருக்கீங்க? மணி ரெண்டாகுது."

"தூங்குறான்பா," என்றேன் மெதுவாக.

"யாரு?"

"யசோ. காடியில."

அந்தப் பக்கம் தட்டை மூடும் சத்தம் கேட்டது.

"சரி, எழுப்பாத," என்றார். "சோத்த அப்புறம் சூடு பண்ணிக்கலாம்."

பெட்ரோல் குறைந்துகொண்டு வருகிறது. இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன். வழியில் அவன் விழிக்காமல் வீடு வரை ஓட்டிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ரஜிதா